மறைந்த பொட்டுக் கெண்டைக்கு ஒரு மண்டபம்

பொட்டுக் கெண்டை இந்த உலகத்தை விட்டுப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிவிட்டது என்று அந்தப் பலகை சொன்னது. பலகையின் காலடியில், ஒரு சாண் தண்ணீரில், ஏழெட்டுப் பொட்டுக் கெண்டைகள் நின்றபடி அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தன.

உத்திராபதி கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு இரண்டாம் தடவை படித்தார். பலகை மாறவில்லை. 'அருகிய மற்றும் அற்றுப்போன நன்னீரினங்கள் நல வாரியம், கடலூர். மறைந்த பொட்டுக் கெண்டை கடைசியாக வாழ்ந்த இடம் இக்குட்டையே என ஆய்வில் தெரியவந்துள்ளதால், அதன் நினைவைப் போற்றும் வகையில் இக்குட்டையைத் தூர்த்து, இதே இடத்தில் நினைவு மண்டபம் எழுப்பப்படும். மழைக்காலத்துக்கு முன் பணி முடியும். குட்டையில் இறங்குவது மறைந்த உயிரினத்தை அவமதிப்பதாகக் கருதப்படும்.'

பொட்டுக் கெண்டை விரல் நீளம் இருக்கும். இரண்டு கண்ணுக்கும் நடுவில் மஞ்சளாக ஒரு பொட்டு. குழம்பு வைத்தால் வேப்பங்கொழுந்து மாதிரி கசக்கும். குமராட்சிப் பக்கத்தில் ஒரு மீன் இத்தனை காலம் பிழைத்துக் கிடந்ததற்கு அதைத் தவிர வேறு காரணம் இல்லை. உத்திராபதிக்கும் அந்த மீன் மேல் தனிப் பிரியம் எதுவும் கிடையாது. அவருடைய கவலை தண்ணீர்.

பொதுப்பணித் துறையில் முப்பத்திரண்டு வருஷம் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மதகைத் திறப்பது, மூடுவது, தண்ணீர் நிற்கிற மட்டத்தில் சுவரில் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதுவது, இவ்வளவுதான் லஸ்கர் வேலை. வேலை போனாலும் காதில் செருகிய தச்சுப் பென்சில் போகவில்லை. வீட்டுத் தொட்டி, அண்டா, குளியலறைச் சுவர் எல்லாவற்றிலும் கோடும் தேதியும் இருக்கும். பால் குண்டானிலும் இருக்கிறது என்று அவர் மனைவி பவானி ஊரெல்லாம் சொல்லிவந்தாள். அதில் பாதிதான் உண்மை.

அப்படிப்பட்டவருக்குக் குட்டை என்ன செய்கிறது என்று பலகை படித்துத் தெரிய வேண்டியதில்லை. மேலத்தெருவின் மழைத்தண்ணீரும் நாற்பது காணி வயலின் வடிகாலும் அங்கேதான் வந்து விழும். குட்டை இல்லாவிட்டால் அந்தத் தண்ணீர் அடுத்த பள்ளத்தைத் தேடிக்கொண்டு போகும். அடுத்த பள்ளம், குட்டைக்கு இருபது தப்படி தள்ளி இருந்த அவருடைய வீடு.

பவானிக்கு விஷயம் எளிதாகத் தெரிந்தது. “இதுக்கு என்னாத்துக்கு இவ்ளோ ரோசன? நாலு மீனப் புடிச்சித் தூக்குல போட்டு எடுத்துனு போயி காட்டிட்டு வாங்க. உசுரோட இருக்கறதுக்கு எவனாவது நெனவு மண்டபம் கட்டுவானா?”

நாலு கேட்டால் ஏழு கொண்டுபோவது அரசு அலுவலக அனுபவம் உள்ளவர் வழக்கம். மறுநாள் காலை ஏழு மீன்களோடு, மூடியில் ஆணியால் ஓட்டை போட்ட எவர்சில்வர் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உத்திராபதி மினிபஸ்ஸில் சிதம்பரம் போய், அங்கிருந்து கடலூர் பஸ் பிடித்தார்.

வாரியம் திருப்பாதிரிப்புலியூரில், ரயிலடியைத் தாண்டிப் போகும் ஒரு சந்தின் கடைசியில் இருந்தது. தெருவிலிருந்து மூன்று படி கீழே இறங்க வேண்டும். ஏறிப் போகிற அலுவலகங்களையே பார்த்துப் பழகிய உத்திராபதி படியில் ஒரு கணம் நின்றார். உள்ளே ஊறிப்போன வைக்கோல் வாடை அடித்தது. தரையிலிருந்து நாலு விரல் உயரத்துக்குச் சுவர் நெடுகக் கறுத்திருந்தது. ஆவணி வெயிலில் தெருவே காய்ந்து கிடக்க, அந்தக் கறுப்பு மட்டும் ஈரமாக இருந்தது. அது ஓதம் இல்லை, நிற்கிற தண்ணீரின் மட்டம் என்று அவருடைய உள்ளங்கால் சொல்லிற்று.

அற்றுப்போனவை பிரிவில் இருபத்தெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். அருகியவை பிரிவுக்கு ஒரு நாற்காலி இருந்தது. அதன் மேல் குடை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பொட்டுக் கெண்டைக் கோப்பு ஜெயராணி என்ற எழுத்தரிடம் இருந்தது. அந்த அம்மாள் தூக்கைத் திறந்து பார்த்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

இந்த இடம் முன்னாடி ஏரியா என்று உத்திராபதி முதலில் கேட்டதில் ஜெயராணிக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. “ஆமாங்க. எங்க வாரியம் அறிவிச்ச முதல் ஏரி இதுதான். அற்றுப்போச்சுன்னு சான்று குடுத்த அன்னிக்கே அஸ்திவாரம் போட்டுட்டாங்க. ஒரு மரியாதைக்கு.”

பிறகு மீன் விஷயத்துக்கு வந்தார். அருகியவை பட்டியலிலிருந்து அற்றுப்போனவை பட்டியலுக்குப் போவது பதவி உயர்வு. பொட்டுக் கெண்டைக்கு அது முறைப்படி கிடைத்துவிட்டது. அன்றைக்கு அலுவலகத்தில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்கள். திரும்பக் கீழே இறக்குவதென்றால் அது தண்டனை. தண்டனை என்றால் குற்றச்சாட்டு வேண்டும்.

“மீன் மேல என்னாம்மா குத்தம்?” என்றார் உத்திராபதி.

“உயிரோட இருக்கறது.”

ஜெயராணி கெட்டவர் இல்லை. பெரியவர் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு விளக்கினார். பென்ஷன்காரர்கள் வருஷம் தவறாமல் கருவூலத்துக்கு நேர்காணல் போய், உயிரோடு இருப்பதைக் காட்டிவிட்டு வருகிறார்கள் இல்லையா, அந்த மாதிரிதான். பொட்டுக் கெண்டை பதினோரு வருஷமாக நேர்காணலுக்கு வரவில்லை. வாரியம் என்ன செய்யும். அதற்கு நேர்காணல் என்று ஒன்று இருப்பதை யார் சொன்னார்கள் என்று உத்திராபதி கேட்டார். செய்திப் பலகையில் ஒட்டினோம் என்றார் ஜெயராணி. எந்தப் பலகை? இந்த அலுவலகப் பலகைதான்.

நிபுணர் குழு கூடும்போது கடிதம் வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எழுந்துபோகும்போது கை பழக்கத்தில் காதுக்குப் போனது. உத்திராபதி குனிந்து, சுவரில் ஈரம் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இழுத்துத் தேதி போட்டார். யாரும் கவனிக்கவில்லை.

மீன்கள் வீட்டு அண்டாவுக்கு வந்தன. குட்டைக்கு லாரி லாரியாகச் செம்மண் வந்தது. அண்டாவைத் தாண்டிப் போகும்போதெல்லாம் பவானி, “கெவர்மெண்டுல செத்ததுங்க எல்லாம் எழுந்திரிச்சிடுச்சா?” என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

புரட்டாசி நடுவில் கடிதம் வந்தது. நிபுணர் குழு சிதம்பரத்தில் ஒரு விடுதியின் குளிர்பதன அறையில் கூடியது. கடலூர் அலுவலகத்தில் ஏன் கூடவில்லை என்றதற்கு, அங்கே சுத்தம் செய்கிறார்கள் என்று பதில் வந்தது. குழுவுக்குத் தலைவர் டாக்டர் சார்லஸ். பொட்டுக் கெண்டை எப்படி அற்றுப்போனது என்று நானூறு பக்கம் எழுதிப் பட்டம் வாங்கியவர். அவர் தூக்குக்குள் எட்டிப் பார்த்தார். கருமாதி முடித்துவிட்டு வந்தவன், செத்தவர் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போடுவதைப் பார்த்தால் எப்படி விழிப்பானோ அப்படி விழித்தார்.

விதிப்படி, வந்திருக்கும் உயிரியை வாரியத்தின் ஆதார மாதிரியோடு ஒப்பிட வேண்டும். ஆதார மாதிரி வெல்வெட் பெட்டியில் வந்தது. அது ஒரு கண்ணாடிப் புட்டி. உள்ளே இருந்த மருந்து என்றைக்கோ ஆவியாகிப்போய், மீனும் பொடியாகி, அந்தப் பொடியும் போய், வெளியே ஒட்டிய சீட்டு மட்டும் மிச்சம் இருந்தது. ஒன்பது நிபுணர்களும் புட்டியைக் கைமாற்றிப் பயபக்தியோடு பார்த்தார்கள். பிறகு சீட்டையும் தூக்கிலிருந்த மீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தார்கள். சீட்டில் வரிசை எண் இருந்தது, மீனில் இல்லை. சீட்டில் முத்திரை இருந்தது, மீனில் இல்லை. சீட்டு அசையவில்லை, மீன் அசைந்தது. கொண்டுவரப்பட்ட உயிரி ஆதார மாதிரியோடு எவ்வகையிலும் ஒத்துப்போகவில்லை என்று ஒரு மனதாகத் தீர்மானம் எழுதிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். வஞ்சிரம் வறுவல்.

கடைசியாக எழுந்த டாக்டர் சார்லஸ் கதவு வரை போய்த் திரும்பி வந்து, உத்திராபதி பக்கத்தில் குனிந்தார். “பெரியவரே, ஒரு பேச்சுக்கு இது பொட்டுக் கெண்டைதான்னு வச்சுக்குவோம். அப்ப நான் யாரு?”

உத்திராபதிக்குத் தெரிந்தவரை அவர் டாக்டர் சார்லஸ். அதைச் சொல்லலாமா கூடாதா என்று யோசிப்பதற்குள் அவர் போய்விட்டார்.

இனி ஒரே ஒரு கதவுதான் பாக்கி, வாரியத் தலைவர் சுப்புராயன். புரட்டாசிக் கடைசி வெள்ளியன்று மனுதாரர்களைச் சந்திப்பதாக இருந்தது. உத்திராபதி மூன்று படி இறங்கினார். மூன்றாவது படி நனைந்தது. உள்ளே கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. அவர் ஆவணியில் போட்ட கோடு அதற்குள் எங்கோ போயிருந்தது. இருபத்தெட்டுப் பேரும் கால்களைக் குறுக்குச் சட்டத்தில் தூக்கி வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். கடலூரில் அந்த வாரம் ஒரு தூற்றல்கூட இல்லை. அவர் ஜெயராணியைப் பார்த்தார். ஜெயராணி அவருடைய நனைந்த வேட்டியைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். உத்திராபதி இரண்டாவது கோட்டைப் போட்டார்.

சுப்புராயனின் மேசைக்கு அடியில் நாலு பக்கமும் செங்கல் கொடுத்திருந்தது. அவர் முக்காலியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பின்னால் சுவரில், இதுவரை இருந்த தலைவர்கள் பெயர்களைப் பொன்னெழுத்தில் எழுதிய பலகை. கடைசிப் பெயர் அவருடையது. உத்திராபதி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். குட்டை போனால் தண்ணீர் தன் வீட்டுக்குள் வரும் என்ற இடத்தில் தலைகூட ஆட்டினார்.

“உயிரோட இருக்கற மீன வச்சுக்கிட்டு ஒரு அரசாங்கம் என்ன செய்ய முடியும், சொல்லுங்க? அதுக்குத் தண்ணி வேணும். தண்ணிக்கு ஏரி வேணும். ஏரிக்கு வாய்க்கால் வேணும். கேட்டுக்கிட்டே இருக்கும். அற்றுப்போச்சுன்னு வைங்க, ஒரு கல்லு போதும், வருஷத்துக்கு ஒரு மாலை போதும். இந்தப் பதினோரு வருஷத்துல பொட்டுக் கெண்டை தரப்புல ஒரு புகார் வந்திருக்கா? ஜெயராணியக் கேளுங்க.”

கேட்காமலேயே ஜெயராணி இல்லை என்றார்.

“ஜில்லாவுல இன்னும் முப்பத்தோரு வகை மீன் பாக்கி இருக்குது. எங்க ஆளுங்க லீவு போடாம உழைக்கிறாங்க. ஒவ்வொண்ணா முடிச்சுக் குடுத்துடுவோம்.” சுப்புராயன் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார். “நீங்க லஸ்கரா இருந்தவருன்னு மனுவுல போட்டிருக்கு. இப்ப உங்க பக்கத்துல லஸ்கருங்க எத்தன பேரு?”

“நான் ஒருத்தன்தாங்க.”

தலைவர் ஜெயராணி பக்கம் திரும்பி, “அருகியவைல குறிச்சுக்குங்க” என்றார். ஜெயராணி குறித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. புகைப்படக்காரர் வந்தார். உத்திராபதி தோளில் பொன்னாடை விழுந்தது. வெல்வெட் பெட்டி வந்தது. புட்டியில் புதிதாக மருந்து ஊற்றியிருந்தார்கள், கண்ணைக் கரித்தது. சுப்புராயன் முக்காலி மேல் ஏறி நின்று, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி, தூக்கை வாங்கிப் புட்டிக்குள் சாய்த்தார். கேமராவைப் பார்த்துக்கொண்டே சாய்த்ததால் இரண்டு மீன்தான் உள்ளே போயின. ஐந்து தரைத் தண்ணீரில் விழுந்து, கோப்பு அலமாரிக்கு அடியில் ஓடிவிட்டன.

புட்டிக்குள் இரண்டும் இரண்டு தடவை வளைந்தன. பிறகு வளைந்தபடியே நின்றுவிட்டன. பொட்டு மட்டும் மஞ்சளாகவே இருந்தது.

“இப்பத்தான் ஆதார மாதிரி முழுமையாச்சு” என்றார் சுப்புராயன். “அற்றுப்போனதுக்கு இனிமே சந்தேகத்துக்கு இடமில்ல.” மீதி ஐந்தை எப்படி எழுதுவது என்று ஜெயராணி மெதுவாகக் கேட்டார். பதிவில் இல்லாததை எழுத வேண்டாம் என்றார் அவர்.

வீட்டில் பவானி காலித் தூக்கைத் திறந்து பார்த்தாள். மீன் எங்கே என்றாள். வாங்கிக்கொண்டார்கள் என்றார். குட்டை என்ன ஆயிற்று என்றதற்கு அவர் பொன்னாடையையும் 'மாதிரிக் கொடையாளர்' என்று எழுதிய சான்றிதழையும் கட்டிலில் வைத்தார். பவானி பொன்னாடையை விரலால் நிரடிப் பார்த்தாள்.

“இத வாசப்படியில அடைச்சா தண்ணி நிக்குமா?”

மண்டபம் சொன்ன தேதியில் முடிந்தது. சலவைக்கல் மேடை, அதன் மேல் ஆள் உயரத்துக்கு சிமெண்ட் பொட்டுக் கெண்டை, சுற்றி இரும்பு வேலி. ஐப்பசி மூன்றாம் நாள் மழை பிடித்தது. மேலத்தெருத் தண்ணீர் வழக்கமான தடத்தில் வந்து, மேடையில் முட்டி, ஒரு நிமிஷம் நின்றது. பிறகு அதைச் சுற்றிக்கொண்டு, அவசரமே இல்லாமல், உத்திராபதி வீட்டுப் பக்கம் திரும்பிற்று. அவர் வாசற்காலில் கோடு போட்டார். மத்தியானம் அதற்கு மேல் இன்னொன்று. மறுநாள் நாற்காலி மட்டத்தில் ஒன்று. ஆறாம் நாள் பின்சுவர், களிமண் சாந்து ஊறிப்போய், சத்தமில்லாமல் உட்கார்ந்தது. பவானி அரிசி மூட்டையோடும் ஆட்டோடும் சேத்தியாத்தோப்பில் தம்பி வீட்டுக்குப் புறப்பட்டாள். போகும்போது திட்டவில்லை. அவள் திட்டாமல் போனது அவருக்குச் சுவர் விழுந்ததைவிடக் கஷ்டமாக இருந்தது.

கார்த்திகை பிறந்த வாரத்தில், இடுப்பளவு தண்ணீரில் நடந்துவந்து தபால்காரர் ஒரு பதிவுத் தபால் கொடுத்தார். வாரியத்தின் அலுவலகச் சுவரில் அனுமதியின்றி இரண்டு கோடுகள் கிழித்தது குறித்து நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

மழைக்கு நடுவே உத்திராபதி போனார். வீட்டில் இருந்து செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

திருப்பாதிரிப்புலியூர் சந்தில் அந்த மூன்று படிகளும் இப்போது இல்லை. வாசல் இருக்க வேண்டிய இடத்தில் காலை விட்டார். தண்ணீர் தொடை வரை வந்தது. உள்ளே இருபத்தெட்டுப் பேரும் மேசைகள் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பேனாச் சத்தமும், எங்கேயோ அலமாரிக்குள் தண்ணீர் களக் களக்கென்று புகும் சத்தமும் தவிர வேறு சத்தம் இல்லை. யாரும் தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. அற்றுப்போன ஏரியில் தண்ணீர் இருப்பதாக யாராவது ஒரு வரி எழுதினால் அந்தப் பழைய கோப்பைத் திறக்க வேண்டிவரும். அதனால் எழுதவில்லை. எழுதாததால் தண்ணீர் இல்லை.

சுப்புராயனின் நாற்காலியை மேசை மேல் ஏற்றியிருந்தார்கள். அவர் அங்கிருந்து விசாரணையைத் தொடங்கினார். கோடு போட்டது உண்மையா? உண்மை. என்ன நோக்கம்? நோக்கம் ஒன்றுமில்லை, தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைப்பது லஸ்கர் பழக்கம்.

“தண்ணியே இல்லாத எடத்துல எதுக்குய்யா மட்டம்?”

உத்திராபதி பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது கெண்டைக்காலில் ஏதோ குறுகுறுத்தது. குனிந்தார். கலங்கிய தண்ணீருக்குள் மஞ்சளாக ஒரு பொட்டு. அதற்குப் பின்னால் பத்து. அலமாரிகளுக்கு நடுவே, மேசைக்கால்களைச் சுற்றி, நாற்காலிக் குஷன்களுக்குள்ளிருந்து, நூறு, இருநூறு, எண்ணி முடியாத பொட்டுகள். கோப்புகளை ஒட்டியிருந்த பசையைத் தின்று ஒவ்வொன்றும் கட்டை விரல் கனத்துக்குக் கொழுத்திருந்தன. தொட்ட கோப்பெல்லாம் தாள் தாளாகப் பிரிந்து மிதந்தது. பொட்டுக் கெண்டை அற்றுப்போனதாகச் சொல்லும் அரசாணை, முத்திரையோடு, ஜெயராணியின் மேசையைக் கடந்து மெல்லப் போனது. அதன் நாலு மூலையையும் நாலு மீன்கள் கொறித்துக்கொண்டு கூடவே போயின.

ஜெயராணியின் பேனா நின்றுவிட்டது. அவர் பாதங்களை மெதுவாகப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார்.

வெளியே அடங்கியிருந்த மழை மறுபடி பிடித்தது. விளக்கு ஒரு தடவை சிமிட்டிவிட்டு மங்கியது. சுப்புராயன் கேள்வித்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். குரல் இறங்கியிருந்தது.

“மதகு, வாய்க்காலெல்லாம் பார்த்தவரு நீங்க. ஒரு தகவலுக்குத்தான் கேக்கறேன். இது எப்ப வடியும்?”

“வடியறதுக்கு ஒரு பள்ளம் வேணும் சார். பக்கத்துல ஏரியோ குட்டையோ எதுனா ஒண்ணு இருந்தா போதும். அதுவா போயிடும்.”

“ஜெயராணி, ஒரு குட்டையப் பாருங்க.”

ஜெயராணி மடியிலிருந்த பெரிய பதிவேட்டைத் திறந்தார். அற்றுப்போன நீர்நிலைகள் பதிவேடு. விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். பக்கம் திருப்பினார். மறுபடி திருப்பினார். கடைசிப் பக்கத்தில் கடைசி வரியில் உத்திராபதி ஊர்க் குட்டை இருந்தது. அங்கே விரல் நின்றது.

“எல்லாம் முடிச்சாச்சுங்க சார்” என்றார்.

உத்திராபதி காதிலிருந்து பென்சிலை எடுத்தார். தண்ணீரைத் துழாவியபடி சுவரோரம் நடந்தார். அவருடைய பழைய கோடுகள் இரண்டும் ஆழத்தில் எங்கோ இருந்தன. ஓர் அலமாரியின் மேல் கையை ஊன்றி, முப்பத்திரண்டு வருஷம் மதகில் நின்ற கண்ணால் மழையை ஒரு தடவை பார்த்தார், வாசலை ஒரு தடவை பார்த்தார். பிறகு எட்டி, பொன்னெழுத்துப் பலகையில் கடைசிப் பெயருக்கு ஒரு விரற்கடை மேலே, நேராக ஒரு கோடு இழுத்தார்.

பக்கத்தில் தேதி போட்டார். அது நாளைத் தேதி.